ஒரே பெயருக்குள் மறைந்துபோகும் ஈட்டி மீன்

புதுக்கடை சந்தையில் பெரிய கடல் மீனைத் துண்டு போட்டு விற்கும்போது, "இது என்ன மீன்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். நீண்ட கூர்மூக்கு உடைய மீன் என்றால் "மயில் மீன்". கேரளப் பக்கம் "ஓலக்கொடி" என்பார்கள். தலையை எடுத்துவிட்டால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் அந்த ஒரு பெயருக்குள் பல இனங்கள் இருக்கின்றன. அவற்றில் நாம் அதிகம் அறியாத ஒன்றைப் பற்றி இங்கே பார்ப்போம்.

வாள் மீன், மயில் மீன், கருப்பு மார்லின், நீல மார்லின், வரி மார்லின் ஆகிய ஐந்தும் நம் கடலின் கூர்மூக்கு மீன்களில் ஓரளவு பெயர் பெற்றவை. இவற்றின் உறவினர்தான் குட்டைமூக்கு ஈட்டி மீன். ஜப்பானிய அறிஞர் ஷிகெஹோ தனாகா 1915-ல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக் பெருங்கடலிலும் இது வாழ்கிறது.

மார்லினோடு ஒப்பிட்டால் இது சிறியது. கருப்பு மார்லின் 700 கிலோவையும் தாண்டும். ஈட்டி மீனோ நன்கு வளர்ந்தாலும் 50 கிலோ அளவில்தான் இருக்கும். மெலிந்த உடல், கருநீல முதுகு, வெள்ளி நிற வயிறு. மேல்தாடையின் கூர்முனை கீழ்த்தாடையை விடச் சற்றே நீண்டிருக்கும். முதுகுத் துடுப்பு மயில் மீனுடையதைப் போல பாயாக விரிவதில்லை. இன்னொரு அடையாளமும் உண்டு. மற்ற இனங்களில் கழிவுத் துவாரம் வயிற்றின் பின்பக்கத் துடுப்பை ஒட்டியே இருக்கும். இதிலோ அது துடுப்புக்கு வெகுமுன்னால் தள்ளி இருக்கும்.

கரையோரம் இது அபூர்வமாகவே வரும். நிலம் கண்ணில் படாத ஆழ்கடலில், வெயில் பட்டு வெதுவெதுப்பாக இருக்கும் மேல்நீரில்தான் இதன் நடமாட்டம். கணவாயும் சிறு மீன்களும் இதன் இரை. மார்லின் இனங்களில் பெண் மீன் ஆணைவிட மிகப் பெரிதாக வளரும். இதில் ஆணும் பெண்ணும் ஏறத்தாழ ஒரே அளவு.

மீன்கள் குளிர்ந்த இரத்தம் உடையவை என்று பள்ளியில் படித்தோம். கூர்மூக்கு மீன்களிடம் அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கண்ணை அசைக்கும் தசைகளில் ஒன்று இவற்றில் வெப்பம் உண்டாக்கும் உறுப்பாக மாறியிருக்கிறது. அது மூளையையும் கண்ணையும் சூடாக வைத்திருக்கிறது. குளிர்ந்த ஆழத்துக்கு இறங்கினாலும், வேகமாக ஓடும் இரையைப் பார்வை தவறவிடாமல் இருக்க இந்தச் சூடு உதவுகிறது.

இனி கவலைக்குரிய செய்திக்கு வருவோம். இந்த மீனைத் தேடி யாரும் கடலுக்குப் போவதில்லை. சூரைக்காக நீண்ட கயிற்றில் வரிசையாகக் கட்டிப் போடும் தூண்டில்களில் இது தானாக மாட்டிக்கொள்கிறது. சூரை, மார்லின் போன்ற மீன்வளங்களைக் கவனிக்க, செஷல்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் இருக்கிறது. இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. அதன் பொறுப்பில் 16 இனங்கள் உள்ளன. மேலே சொன்ன ஐந்து கூர்மூக்கு மீன்களும் அதில் உண்டு. ஈட்டி மீன் இல்லை.

பட்டியலிலும் இல்லை, சந்தையில் தனிப் பெயரும் இல்லை என்றால் அதன் எண்ணிக்கை குறைந்தால் யாருக்குத் தெரியும்? மயில் மீன் கணக்கிலோ மார்லின் கணக்கிலோ கலந்துபோகும். அப்போது இரு இனங்களின் கணக்குமே தவறாகிவிடும்.

நமக்குப் பக்கத்திலேயே தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தூண்டில் போடுகிறார்கள். இந்த மீனை முழு உருவில் பார்க்கும் வாய்ப்பு ஆய்வாளர்களைவிட அவர்களுக்கே அதிகம். தலையை வெட்டும் முன் மூக்கும் வயிற்றுப்பக்கமும் தெரியும்படி ஒரு படம் எடுத்து, பிடித்த இடத்தையும் நாளையும் குறித்து, மீன்வளத் துறையிடமோ மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திடமோ கொடுத்தால் போதும். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் நம்மோடு படிக்கிறார்கள், பழகுகிறார்கள். இந்தச் செய்தியை அவர்களிடம் கொண்டு சேர்ப்பது நம்மால் முடிந்த காரியம்தான்.