விரிவதற்கு ஓர் இடம்

கைப்பேசி முதல் மின்மகிழுந்து வரை பலவற்றை இயக்குவது லித்தியம் அயனி மின்கலம். 1991ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த இம்மின்கலத்திற்கு அடித்தளமிட்ட ஜான் குட்டெனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகியோர் 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். ஆயினும், ஒருமுறை மின்னேற்றினால் இன்னும் நெடுநேரம் உழைக்கும் மின்கலத்திற்கான தேடல் தொடர்கிறது.

கிராஃபைட்டும் சிலிக்கானும்

மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் நேர்மின்முனையிலிருந்து மின்பகுளியின் வழியே சென்று எதிர்மின்முனையில் தங்குகின்றன. மின்கலம் பயன்படும்போது திரும்பி வருகின்றன. பெரும்பாலும் எதிர்மின்முனை, பென்சிலில் உள்ள கிராஃபைட்டால் ஆனது. அதில் ஒரு லித்தியத்திற்கு இடமளிக்க ஆறு கார்பன் அணுக்கள் வேண்டும். சிலிக்கானிலோ நான்கு அணுக்களே பதினைந்து லித்தியம் அணுக்களை ஏற்கும். ஒரு கிராம் கிராஃபைட் 372 மில்லி ஆம்பியர் மணி மின்னூட்டத்தைக் கொள்ளும். ஒரு கிராம் சிலிக்கான் ஏறத்தாழ 3,580 மில்லி ஆம்பியர் மணி கொள்ளும்.

எனினும், இத்தனை லித்தியத்தை ஏற்ற சிலிக்கானின் பருமன் மூன்று மடங்குக்கும் மேலாகப் பெருகுகிறது. லித்தியம் நீங்கியதும் சுருங்குகிறது. நீர் வற்றிய குளத்து வண்டல்போல அது வெடித்து நொறுங்குகிறது. உடைந்த துண்டுகள் மின்தொடர்பை இழக்க, மின்கலம் விரைவில் செயலிழக்கிறது.

நானோ தந்த தீர்வு

ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கே நானோமீட்டர். 2008இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் யி சூய் குழுவினர், எஃகுத் தகட்டின்மேல் சிலிக்கான் நானோ கம்பிகளை வளர்த்தனர். கம்பிகளுக்கு இடையே இருந்த வெற்றிடம் விரிவிற்கு இடம் தந்தது. ஒவ்வொரு கம்பியும் தகட்டோடு ஒட்டியிருந்ததால் மின்தொடர்பும் அறுபடவில்லை. ஏறத்தாழ 150 நானோமீட்டருக்கும் சிறிய சிலிக்கான் துகள்கள் முதல் மின்னேற்றத்தில் விரிசல் விடுவதில்லை என்பது 2012இல் வெளியான ஆய்வால் தெரியவந்தது. துகள் சிறுக்கச் சிறுக்க, விரிசலை வளர்க்கப் போதிய ஆற்றல் அதனுள் சேர்வதில்லை என்பதே இதற்குக் காரணம்.

சிறுமையின் விலை

துகள்கள் சிறியனவானால் அவற்றின் மொத்தப் புறப்பரப்பு பெருகும். அப்பரப்பில் மின்பகுளி வினைபுரிந்து படலமாகப் படிகிறது. துகள் விரியும்போதெல்லாம் படலம் கிழிந்து, மீண்டும் உருவாகி, லித்தியத்தை வீணாக்குகிறது. இதற்கு விடையாக அதே குழுவினர் 2014இல் மாதுளம்பழத்தை ஒத்த அமைப்பை உருவாக்கினர். முத்துகள் போன்ற சிலிக்கான் நானோ துகள்கள், விரிய இடமுள்ள கார்பன் கூடுகளில் அமைந்தன. அவற்றின் தொகுதியைத் தடித்த கார்பன் தோல் மூடியது. மின்பகுளி வெளித்தோலை மட்டுமே தொட்டது.

இத்தகைய அமைப்புகளைக் குறைந்த செலவில் பெருமளவில் உருவாக்குவது எளிதன்று. எனவே, இன்று பல மின்கலங்களில் கிராஃபைட்டுடன் சிறிதளவு சிலிக்கானே கலக்கப்படுகிறது. ஒரு பொருளின் பயன் அதன் தன்மையால் மட்டுமன்றி, அதன் அளவாலும் அமைப்பாலும் முடிவாகிறது என்பதை இவ்வாய்வுகள் உணர்த்துகின்றன.