தங்கம் நின்றது, ரயில் நிற்கவில்லை!

பங்காரப்பேட்டையில் பிரிந்து மாரிக்குப்பத்தில் முடியும் கிளை ரயில் பாதையின் நீளம் சுமார் 16 கிலோ மீட்டர்தான். கோரமண்டல், ஊரிகம், சாம்பியன் என்று வழியில் சிறு நிலையங்கள். கோலார் தங்கவயலின் வரலாறு முழுவதும் இந்தச் சின்னப் பாதையில் வந்து போயிருக்கிறது எனலாம்.

மண்ணைக் கழுவியவர்கள்

இங்கே பொன் இருப்பதை முதலில் அறிந்தவர்கள் உள்ளூர் மக்களே. 1802-ல் நில அளவைக்கு வந்த வாரன் என்ற ராணுவ அதிகாரி, கிராமத்தார் மண்ணை வாரிக் கழுவிப் பொன் துகள் எடுப்பதை அறிந்து எழுதி வைத்தார். பிறகு லாவெல் என்ற அயர்லாந்துக்காரர் மாட்டு வண்டியில் வந்து பார்த்து, 1875-ல் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றார். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி காலூன்றியது.

1894-ல் ரயில் வந்தது. 1902-ல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பெங்களூர் வீதிகளில் மின் விளக்கு எரிந்ததோ 1905-ல்தான்!

இரண்டு ஊர்கள்

துரைமார்களுக்குப் பங்களா, கிளப், கோல்ப் மைதானம். இதைப் பார்த்துத்தான் 'குட்டி இங்கிலாந்து' என்று பெயர் வந்தது. வட ஆற்காடு, சேலம் சீமைகளிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த தமிழர்களுக்குக் கிடைத்ததோ மூங்கில் தட்டிக் குடிசை.

சாம்பியன் ரீப் சுரங்கம் பத்தாயிரம் அடிக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையே கொதிக்கும். அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்து மாண்டவர்கள் பலர். தப்பியவர்கள் நெஞ்சிலும் கல் தூசி தங்கியது.

ஆனால் கூலிக்கு வந்தவர்கள் வெறும் கூலிகளாக இருந்துவிடவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் வழி வந்த பௌத்த சங்கம் மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. அவர் தொடங்கிய 'தமிழன்' ஏட்டை 1926-ல் ஜி. அப்பாதுரையார் சாம்பியன் ரீப்சிலிருந்து மீண்டும் நடத்தினார். தொழிலாளர் எல்லோரும் விரல் ரேகை பதிய வேண்டும் என்ற கட்டளையை எதிர்த்து 1930-ல் வேலை நிறுத்தம் வெடித்தது. மானம் பெரிதென்று சுரங்கத்துக்குள் இறங்க மறுத்தார்கள்.

மூடிய சுரங்கம்

1956-ல் சுரங்கங்கள் மைசூர் அரசின் கைக்கு வந்தன. 1962-ல் மத்திய அரசுக்குப் போயின. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவாயிற்று. எடுக்கும் தங்கத்தைவிட எடுக்கும் செலவு மிஞ்சியது. 2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது. நூற்று இருபது ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் கொடுத்த மண் அது. கடைசி ஷிப்டு முடிந்தபின் சுரங்கத்தில் தண்ணீர் நிறைந்தது.

தங்கம் போன பிறகு ஊரும் போய்விடும் என்று பலர் கணக்குப் போட்டார்கள். கணக்கு தப்பாயிற்று. மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்த லைன் வீட்டை விட்டு எங்கே போவது?

காலை வண்டி

ஒரு காலத்தில் ஆள்களைக் கொண்டுவந்து இறக்கிய ரயில், இன்று அதிகாலையில் ஆள்களை ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குப் போகிறது. கடை, கம்பெனி, ஆஸ்பத்திரி, கட்டட வேலை என்று பகல் முழுதும் உழைத்து, இருட்டிய பின் அதே பாதையில் திரும்புகிறார்கள். சுரங்கத்துக்குள் இறங்கிய பாட்டனைப் போலவே பேரனும் வெயில் முகம் காணாமல் வீடு சேருகிறான்.

குடியிருக்கும் வீட்டுக்குச் சொந்தப் பத்திரம் வேண்டும் என்பது இவர்களின் நெடுநாள் கோரிக்கை. காற்றடித்தால் சயனைடு மேட்டின் தூசி வீட்டுக்குள் வருகிறது. அந்த மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தைப் பிரித்தெடுக்க 2024-ல் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது.

தூசியைத் தின்ற மக்களுக்கு அந்தப் பொன்னில் வேலையாவது கிடைக்குமா? சாம்பியனிலும் ஊரிகத்திலும் காலை வண்டிக்குக் காத்திருப்பவர்களின் கேள்வி இதுதான். பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லட்டும்!