எமிலி ஸ்காரட்டும் எட்டுப் பாகையும்

ரக்பி ஆட்டத்தை உங்களில் சிலரே பார்த்திருப்பீர்கள். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் தரையில் ஊன்றினால் 5 புள்ளிகள். இதற்கு ‘டிரை’ என்று பெயர். பின்னர் அதே பந்தை உதைத்து, 5.6 மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரு கம்பங்களுக்கு நடுவே, 3 மீட்டர் உயரக் குறுக்குச் சட்டத்துக்கு மேலே அனுப்பினால் மேலும் 2 புள்ளிகள். இது ‘கன்வர்ஷன்’. எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் பெனால்டி உதைக்கு 3 புள்ளிகள். இந்த உதைகளுக்கு இங்கிலாந்து மகளிர் அணி பல ஆண்டுகள் நம்பியிருந்தவர் எமிலி ஸ்காரட்.

1990இல் பிறந்த அவர், 18 வயதில் நாட்டுக்காக ஆடத் தொடங்கினார். 2010 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இங்கிலாந்து 10-13 என நியூசிலாந்திடம் தோற்றது. வேறுபாடு ஒரே ஒரு பெனால்டி உதை! 2014இல் பாரிசில் கனடாவை 21-9 என வென்றபோது, ஒரு டிரை, ஒரு கன்வர்ஷன், மூன்று பெனால்டி ஆகியவை ஸ்காரட்டுடையவை. கூட்டிப் பாருங்கள், 16 புள்ளிகள். அந்த அணியில் கால்நடை மருத்துவரும் இருந்தார், ஆசிரியையும் இருந்தார். வேலை போக மிஞ்சிய நேரத்தில்தான் பயிற்சி. நிலையான முழுநேர ஒப்பந்தம் 2019இல்தான் வந்தது. அதே ஆண்டில் உலகின் சிறந்த வீராங்கனை விருதும் ஸ்காரட்டுக்குக் கிடைத்தது.

இனி நம் இயற்பியலுக்கும் வடிவியலுக்கும் வருவோம். டிரை ஊன்றிய இடத்துக்கு நேர் பின்னால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் சென்று கன்வர்ஷனை உதைக்கலாம். டிரை, கம்பங்களின் நடுவிலிருந்து 20 மீட்டர் பக்கவாட்டில் விழுந்ததாகக் கொள்ளுங்கள். கோல் கோட்டிலிருந்து 5 மீட்டர் பின்னால் நின்றால் இரு கம்பங்களுக்கும் இடையே தெரியும் கோணம் சுமார் 4 பாகை. 10 மீட்டரில் அது ஆறரைப் பாகை. ஏறத்தாழ 20 மீட்டரில் 8 பாகை, அதுவே உச்சம். அதற்கும் பின்னால் சென்றால் கோணம் மீண்டும் குறுகும். இரு கம்பங்கள் வழியாகச் செல்லும் வட்டத்துக்கு அந்த நேர்கோடு தொடுகோடாக அமையும் புள்ளியே உச்ச இடம். உங்கள் வடிவியல் நூலில் உள்ள வட்டந்தான் இது! பின்னால் செல்லச் செல்லக் காலுக்கு அதிக விசை வேண்டும். மிக அருகில் நின்றாலோ 3 மீட்டர் சட்டத்தைத் தாண்டப் பந்து செங்குத்தாக எழவேண்டும். காற்று வேறு குறுக்கிடும். இவ்வளவையும் சில விநாடிகளில் எடை போட்டு, ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்க ஒருவர் உதைக்கிறார்.

2022இல் ஆக்லாந்தில் நடந்த இறுதிப் போட்டி இதற்குக் கடுமையான சான்று. ஒரு வீராங்கனை வெளியேற்றப்பட, இங்கிலாந்து பெரும்பகுதி நேரம் 14 பேருடன் ஆடி 5 டிரைகள் எடுத்தது. கன்வர்ஷன்களில் 3 மட்டுமே உள்ளே சென்றன. முடிவு 31-34, எதிரணி மீண்டும் நியூசிலாந்து. தவறிய இரண்டும் 4 புள்ளிகள் பெறும். ஆனால் தோல்விக்கு உதைத்தவரைக் குறைகூறுவது நியாயமன்று. நியூசிலாந்தும் தன் 6 டிரைகளில் 2 கன்வர்ஷன்களையே பெற்றது.

பின்னர் கழுத்துக் காயத்தால் ஸ்காரட் நெடுநாள் ஆடவில்லை. அறுவை சிகிச்சைக்குப்பின் 2024இல் திரும்பினார். 2025இல் தம் ஐந்தாவது உலகக் கோப்பையில் கலந்துகொண்டார். செப்டம்பர் 27 அன்று ட்விக்கன்ஹாமில் 81,885 பேர் முன்னிலையில் இங்கிலாந்து கனடாவை 33-13 என வென்றது. அந்த இறுதி ஆட்டத்தில் அவர் களமிறங்கவில்லை. அடுத்த மாதம் ஓய்வை அறிவித்தார்: 119 சர்வதேச ஆட்டங்கள், 754 புள்ளிகள்.