காருக்குள் கச்சேரி – 7: அந்தச் சின்னத் திருகு

1951 மார்ச். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலிருந்து மெம்பிஸ் நகரத்துக்கு ஓர் இளைஞர் இசைக்குழு கிளம்பியது. அங்கே சாம் ஃபிலிப்ஸ் நடத்திவந்த சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர்களுக்குப் பாட்டுப் பதிவு. குழுவை நடத்தியவர் ஐக் டர்னர், பாடியவர் ஜாக்கி பிரென்ஸ்டன், கிதார் வாசித்தவர் வில்லி கிஸார்ட். வழியில் கிஸார்டின் ஆம்ப்ளிஃபயர் அடிபட்டுவிட்டது. கூடத்துக்கு வந்து போட்டுப் பார்த்தால் கரகரவென்று இரைகிறது. உள்ளே ஸ்பீக்கரின் கோன் கிழிந்திருந்தது. ஃபிலிப்ஸ் காகிதத்தைக் கசக்கி அந்தக் கிழிசலில் திணித்தார். அந்தக் கரகரப்போடேயே பதிவான பாட்டுதான் 'ராக்கெட் 88'. ஓல்ட்ஸ்மொபைல் கார் ஒன்றைப் புகழும் பாட்டு. அந்த ஆண்டே அமெரிக்க ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ராக் அண்ட் ரோலின் முதல் பாட்டு இதுதான் என்று வாதிடுகிறவர்கள் இன்றும் உண்டு.

கிழிந்த கோனுக்குக் காகிதம் போதும். ஆனால் காரில் தனி ஆம்ப் மாட்டிய சில வாரங்களில் ஊமையாகிவிடும் ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்த்தால், பல நேரம் கோனில் ஒரு கீறல்கூட இருக்காது. மூக்கருகே கொண்டுபோனால் விஷயம் புரியும். மிக்ஸி மோட்டார் புகைந்த அன்று சமையலறையில் அடித்த அதே வாடை. உள்ளே இருக்கும் கம்பிச்சுருள், அதாவது காயில், கருகிவிட்டது. அதைக் காகிதம் காப்பாற்றாது.

ஸ்பீக்கரின் உள்ளமைப்பு நூறு ஆண்டுகளாக அடிப்படையில் மாறவில்லை. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் 1925-இல் விவரித்த அமைப்புதான் இன்றும் கார்க் கதவுக்குள் இருக்கிறது. காந்தத்தின் குறுகிய இடைவெளிக்குள் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று தொங்குகிறது. மின்சாரம் ஓடும்போது அது முன்னும் பின்னும் ஆடி, தன்னோடு ஒட்டியிருக்கும் கோனையும் ஆட்டுகிறது. இது அழகான கருவிதான், ஆனால் மின்சாரத்தை மிக மோசமாக வீணடிக்கும் கருவியும்கூட. ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபல் தரும் நல்ல ஸ்பீக்கரே, வாங்கும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூட ஒலியாக மாற்றுவதில்லை. மற்றதெல்லாம் சூடு. 25 வாட் சால்டரிங் அயர்ன் ஈயத்தை உருக்குகிறது. சில கிராம் எடையுள்ள காயிலுக்குள் 60, 70 வாட்டை விடாமல் செலுத்தினால் அதன் வார்னிஷும் பசையும் என்ன ஆகும் என்பதை யாரும் ஊகிக்கலாம்.

இதில் இன்னொரு கொடுமை. தாமிரம் சூடானால் அதன் மின்தடை கூடும், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம். காயிலின் சூடு 200 டிகிரி ஏறினால் தடை ஏறத்தாழ 80 சதவீதம் உயர்ந்துவிடுகிறது. அதனால் ஸ்பீக்கர் வாங்கும் மின்சாரம் குறைந்து, சத்தமும் தணிகிறது. ஓட்டுகிறவர் என்ன செய்வார்? வால்யூமை இன்னும் இரண்டு கோடு ஏற்றுவார்.

சரி, 80 வாட் தாங்கும் என்று வாங்கிய ஸ்பீக்கருக்கு 75 வாட் ஆம்ப் போட்டால் பிரச்சினை வரக்கூடாதே? இங்கேதான் ஆம்ப்ளிஃபயரின் பக்கவாட்டில் இருக்கும் அந்தச் சின்னத் திருகு கதைக்குள் வருகிறது. பக்கத்தில் 'கெயின்' அல்லது 'லெவல்' என்று எழுதியிருக்கும். ஸ்க்ரூடிரைவரின் முனையால் திருப்ப வேண்டியது. "அண்ணே, அதைக் கொஞ்சம் ஏத்தி வைங்க, சத்தம் பத்தல" என்று வாடிக்கையாளர் சொல்ல, கடைக்காரர் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவார். இருவருமே அதை இன்னொரு வால்யூம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அது வால்யூம் அல்ல. டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோ, ஆம்ப்புக்கு அனுப்பும் சிக்னல் எத்தனை வோல்ட் என்று ஆம்ப்புக்குச் சொல்லும் திருகு அது. சில ஸ்டீரியோக்களின் ஆர்சிஏ வெளியீடு 2 வோல்ட், சிலவற்றில் 4, சிலவற்றில் 5. பல ஆம்ப்களில் கெயின் திருகின் ஒரு முனையில் 6 வோல்ட் என்றும் மறுமுனையில் 0.2 வோல்ட் என்றும் போட்டிருக்கும். எண் சிறிதாகும் பக்கம்தான் பெருக்கம் கூடும் பக்கம். திருகை 0.2-இல் நிறுத்தினால், 'உனக்கு 0.2 வோல்ட் வந்தாலே முழுச் சக்தியையும் கொட்டிவிடு' என்று ஆம்ப்புக்கு உத்தரவு போட்டதாக அர்த்தம். அதன் தலையில் 4 வோல்ட் சிக்னல் வந்து விழுந்தால் தேவைக்கு மேல் 20 மடங்கு.

ஆம்ப்பால் 20 மடங்கு தர முடியாது. அதன் உள்ளே இருக்கும் மின்னழுத்தம் அதற்கு ஒரு கூரை. அலை அந்தக் கூரையில் தலை இடித்து நிற்கிறது, உச்சி மழுங்கித் தட்டையாகிறது. இதைத்தான் 'கிளிப்பிங்' என்கிறார்கள். இசையில் உச்சங்கள் நொடிப்பொழுதில் வந்து மறைபவை. தவில் அடி 75 வாட்டைத் தொடும்போது, பாட்டின் சராசரி ஏழெட்டு வாட்டில் இருப்பது சாதாரணம். காயிலைச் சூடாக்குவது அந்தச் சராசரிதான். கெயினைக் கண்டபடி ஏற்றினால் உச்சம் கூரைக்கு மேல் போகாது, ஆனால் சராசரி ஏறிக்கொண்டே போகும். ஏழு வாட் முப்பதாகும், ஐம்பதாகும். அலை முற்றிலும் சதுரமாகிவிட்டால் 75 வாட் ஆம்ப் 150 வாட்டைக்கூடக் கொடுக்கும்.

முதலில் உயிரை விடுவது, உயர் ஒலிகளைத் தரும் ட்வீட்டர். பாட்டின் மொத்தச் சக்தியில் மிகச் சிறிய பங்குதான் தனக்கு வரும் என்ற கணக்கில், மயிரிழைக் கம்பியால் சுற்றப்பட்ட சின்னக் காயில் அதனுடையது. மழுங்கிய அலையோ, மூலப் பாட்டில் இல்லாத உயர் அதிர்வெண்களைப் பிறப்பிக்கிறது. 1000 ஹெர்ட்ஸ் ஒலி கிளிப் ஆனால் 3000, 5000, 7000 என்று குட்டிகள் முளைக்கும். பேஸ் கூரையில் முட்டி நின்றுவிட்ட பிறகும், பாட்டில் உள்ள சன்னமான ஒலிகள் தொடர்ந்து பெருகிக்கொண்டே இருக்கும். இரண்டும் சேர்ந்து ட்வீட்டர் தலையில்தான் விழுகின்றன. பாடகியின் 'ச'வும் 'ஷ'வும் சீறத் தொடங்கினால், மிருதங்கத்தின் தொப்பி கும்காரம் இழந்து தட்டையாக 'டப்' என்று கேட்டால், அதுவே எச்சரிக்கை மணி.

"சின்ன ஆம்ப் போட்டால் ஸ்பீக்கர் போய்விடும், பெரிதாக வாங்குங்கள்" என்று கடைகளில் சொல்லும் அறிவுரை பாதி உண்மைதான். தெளிவாக வேலை செய்யும் 20 வாட் ஆம்ப், 80 வாட் ஸ்பீக்கரை ஒன்றும் செய்யாது. அது முழுவதும் கிளிப் ஆனாலும் 40 வாட்டுக்கு மேல் தராது. ஆம்ப் சிறிதாக இருப்பதால் ஸ்பீக்கர் எரிவதில்லை. சத்தம் போதாமல் வால்யூமையும் கெயினையும் எல்லை தாண்டித் திருப்பும் கைதான் ட்வீட்டரை எரிக்கிறது.

வாட் கணக்கிலும் ஏமாந்துவிடக் கூடாது. 1990-களில் டேப்ரெக்கார்டர் பெட்டிகளிலும் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்களிலும் 'பிஎம்பிஓ' என்ற பெயரில் ஆயிரக்கணக்கான வாட் அச்சடித்திருந்தது பலருக்கு நினைவிருக்கும். கார் ஸ்டீரியோவின் முகப்பில் மின்னும் '50 வாட் × 4' அவ்வளவு பெரிய பொய் இல்லை, ஆனால் அதன் பின்னே ஒரு தந்திரம் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் 14.4 வோல்ட் வரை போகும். ஸ்பீக்கரின் தடை 4 ஓம். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 51.8. ஆக, அலை முற்றிலும் சதுரமாகச் சிதைந்த நிலையில் கிடைக்கும் சக்திதான் அந்த 50. சிதையாத அலைக்கு அதில் பாதி, அதாவது 26 வாட்டைத் தாண்ட வழியே இல்லை. நடைமுறையில் 20 வாட்டை ஒட்டித்தான் கிடைக்கும். சந்தேகமிருந்தால் ஸ்டீரியோவின் பின்புறம் ஃப்யூஸைப் பார்க்கலாம். 10 ஆம்பியர் ஃப்யூஸ் என்றால் உள்ளே போவதே சுமார் 144 வாட். அதிலிருந்து 200 வாட் தொடர்ந்து எப்படி வெளியே வரும்? தனி ஆம்ப்களுக்கு அமெரிக்காவில் 2003-இல் சிஇஏ-2006 என்ற அளவீட்டு முறை வந்தது: 14.4 வோல்ட், 4 ஓம், சிதைவு ஒரு சதவீதத்துக்கு மிகாமல் கிடைக்கும் சக்தியை மட்டும் எழுத வேண்டும். அந்தக் குறிப்பு உள்ள ஆம்ப்பின் எண்ணை நம்பிக் கணக்குப் போடலாம். மற்றவற்றில் 'ஆர்எம்எஸ்' என்று எழுதியிருக்கும் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, 'மேக்ஸ்' என்பதை மறந்துவிடுவது நல்லது.

இனி வேலை. தேவை ஒரு மல்டிமீட்டர், ஒரு பென்டிரைவ், அரை மணி நேரம்.

ஆம்ப்பிலிருந்து ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றிவிட வேண்டும். சோதனை ஒலியே ஸ்பீக்கரைக் கொன்றுவிடக் கூடாது அல்லவா. ஸ்டீரியோவில் பேஸ், ட்ரெபிள் இரண்டும் பூஜ்யம், லவுட்னஸ் ஆஃப். ஆம்ப்பில் பேஸ் பூஸ்ட் ஆஃப், கெயின் குறைந்தபட்சம். காரைத் திறந்த வெளியில் நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டால்தான் உண்மையான மின்னழுத்தம் கிடைக்கும். பென்டிரைவில், முழு அளவில், அதாவது 0 டெசிபலில் பதிவான சோதனை ஒலி இருக்க வேண்டும். பேஸ் தரும் வூஃபருக்கு 50 ஹெர்ட்ஸ். கதவு ஸ்பீக்கருக்கு 1000 ஹெர்ட்ஸ் என்பது வழக்கம், ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. விலை குறைந்த மல்டிமீட்டர்கள் பல, சுமார் 400 ஹெர்ட்ஸ் வரைதான் ஏசி வோல்ட்டைச் சரியாகக் காட்டும். ஆகவே 300 ஹெர்ட்ஸ் போதும். வால்யூம் முக்கால் அளவில் நிற்கட்டும். 40 வரை போகும் ஸ்டீரியோவில் 30. அதற்கு மேல் சில ஸ்டீரியோக்கள் தாமே கிளிப் ஆகத் தொடங்கிவிடும். கையில் ஆசிலோஸ்கோப் இருந்தால் அந்த இடத்தைத் துல்லியமாகக் கண்ணால் பார்க்கலாம். 40 ஹெர்ட்ஸ், 1000 ஹெர்ட்ஸ் ஒலிகளில் சிதைவு தொடங்கியதும் விளக்கெரியும் டிடி-1 போன்ற கருவிகளும் இதற்கென்றே இருக்கின்றன.

பிறகு ஒரே ஒரு கணக்கு. ஆம்ப்பின் ஆர்எம்எஸ் வாட், ஸ்பீக்கரின் ஆர்எம்எஸ் வாட், இரண்டில் சிறியதை எடுத்து ஓம்மால் பெருக்கி, வர்க்கமூலம் காண வேண்டும். 75 வாட், 4 ஓம் என்றால் 300-இன் வர்க்கமூலம் 17.3. மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனைகளில் தொட்டபடி, கெயின் திருகை மெல்லத் திருப்பிக்கொண்டே போய் 17.3 காட்டியதும் நிறுத்திவிட வேண்டும். 300 வாட் தாங்கும் 4 ஓம் வூஃபருக்கு அது 34.6.

திருகு பெரும்பாலும் பாதி தூரத்தைக்கூட எட்டியிருக்காது. முதல்முறை செய்கிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும், ஆம்ப்பின் பாதிச் சக்தியை வீணாக்குகிறோமோ என்று தோன்றும். ஒன்றும் வீணாகவில்லை. முன்பு வால்யூம் 12-லேயே தீர்ந்துபோன அதே சக்தி, இப்போது 30 வரை பரவி நிற்கிறது. கூடவே இன்னொரு லாபம்: பாட்டு நின்ற இடைவெளியில் கேட்ட 'ஸ்ஸ்' இரைச்சலும், ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க உயர்ந்த 'உய்ங்' சத்தமும் பெருமளவு அடங்கியிருக்கும். கெயின் அவற்றையும் சேர்த்தே பெருக்கிக்கொண்டிருந்தது.

இவ்வளவையும் செய்துவிட்டு, ஒரே பொத்தானில் எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்ளவும் வழி உண்டு. அதன் பெயர் பேஸ் பூஸ்ட். 3 டெசிபல் கூட்டினால் சக்தி இரு மடங்கு. 45 ஹெர்ட்ஸில் 12 டெசிபல் பூஸ்ட் என்பது 16 மடங்கு. 20 வாட் கேட்ட பேஸ் திடீரென்று 320 வாட் கேட்கும். கணக்கெல்லாம் பூஸ்ட் இல்லாமல் போட்டது. பேஸ் போதவில்லை என்றால் வூஃபர் பெட்டியைப் பார்க்க வேண்டும், அந்தப் பொத்தானைத் தொடவே கூடாது. கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடும் ஹை-பாஸ் ஃபில்டரையும் மறக்காமல் போட வேண்டும். ஆறரை அங்குலக் கோனை அடிமட்ட பேஸுக்காக ஆட்டினால், காயில் கருகாமலே இடித்து நசுங்கும்.

செல்போனிலிருந்து ப்ளூடூத்தில் பாட்டுக் கேட்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. போனின் வால்யூம் பாதியில் இருந்தால் சிக்னல் பலவீனமாக வரும். அதை ஈடுகட்ட ஸ்டீரியோவை 38 வரை ஏற்றியிருப்பார்கள். பின்சீட்டிலிருந்து ஒரு குழந்தை "அப்பா, ரேடியோ போடுங்க" என்று சொன்ன மறுகணம் முழு வேகத்தில் இடி விழும். போனை முழுதாக ஏற்றிவிட்டு, ஏற்றி இறக்குவதை ஸ்டீரியோவில் மட்டும் செய்வது நல்லது. ஒவ்வொரு மூலத்துக்கும் தனித்தனி அளவு வைக்கும் வசதி பல ஸ்டீரியோக்களின் மெனுவுக்குள் இருக்கிறது. பலர் அதைத் திறந்து பார்த்ததே இல்லை.

ஏற்கெனவே சந்தேகத்தில் இருக்கும் ஸ்பீக்கரைச் சோதிப்பது எளிது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கோனின் இருபுறமும் விரல்களை வைத்துச் சமமாக, மெதுவாக அழுத்த வேண்டும். உள்ளே மணல் உரசுவதுபோல் கேட்டால் காயில் உருமாறிவிட்டது. 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் மூன்றரையை ஒட்டிக் காட்டினால் கம்பி முழுதாக இருக்கிறது. எதுவுமே காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. பெரிய வூஃபர் என்றால் புதுக் காயில், கோன் போட்டுத் தரும் கடைகள் இருக்கின்றன. ட்வீட்டருக்கு அந்த மெனக்கெடல் கட்டுப்படியாகாது.

எல்லாம் முடிந்த பிறகு, கெயின் திருகின் மேல் நெயில் பாலிஷால் ஒரு சின்னக் கோடு இழுத்துவிடலாம், திருகிலும் அதைச் சுற்றியுள்ள உடலிலும் சேர்ந்து படும்படி. கார் சர்வீஸுக்குப் போய் வந்த அன்றோ, கல்யாண வீட்டுக்கு இரவல் போய்த் திரும்பிய அன்றோ டிக்கியைத் திறந்தால், யாராவது அதைத் திருப்பியிருக்கிறார்களா என்று அந்தக் கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

(அடுத்த வாரம்: பேட்டரியிலிருந்து டிக்கி வரை போகும் ஒயருக்குள் தொலைந்துபோகும் வோல்ட்டுகள்)