கட்சிச் சின்னம் இல்லாத ஓட்டு!

குட்டீஸ், உங்கள் வகுப்பில் லீடர் தேர்தல். நிற்பது ஒரே ஒருவன்தான். மற்றவர்களை, "யாரும் நிற்கக் கூடாது" என்று அவன் மிரட்டிவிட்டான். இதைத் தேர்தல் என்பீர்களா? மாட்டீர்கள்தானே!

நாட்டுக்கும் இதே கணக்குத்தான். பல கட்சிகள் பயமில்லாமல் போட்டியிட்டால், மக்களாட்சி ஆரோக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால், கட்சிச் சின்னமே இல்லாத தேர்தலும் நம் தமிழ்நாட்டில் உண்டு. தெரியுமா?

சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லி பக்கம் இருக்கிறது குத்தம்பாக்கம். இதுபோன்ற கிராமங்களில், உள்ளாட்சித் தேர்தலின்போது ஒருவருக்கு நான்கு ஓட்டு! 2019 தேர்தலில் மாவட்ட ஊராட்சிக்கு மஞ்சள் சீட்டு, ஒன்றியத்துக்குப் பச்சைச் சீட்டு. இரண்டிலும் கட்சிச் சின்னங்கள் இருந்தன. ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலம். இவற்றில் பூட்டு சாவி, ஆட்டோ ரிக்‌ஷா போன்ற பொதுச் சின்னங்கள்தான்.

ஏன்? தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் கட்சி பார்த்து வரக் கூடாது அல்லவா!

குத்தம்பாக்கத்தில் 1996-ல் இப்படித் தலைவரானவர் இளங்கோ. கெமிக்கல் என்ஜினீயர். வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்கே திரும்பியவர். 2001-லும் மக்கள் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். அவர் காலத்தில் அங்கே சமத்துவபுரம் எழுந்தது. வெவ்வேறு சாதிக் குடும்பங்கள் ஒரே சுவரின் இரு பக்கமும் வாழும் இரட்டை வீடுகள்!

அப்படியானால், கட்சிச் சின்னம் இல்லாவிட்டாலே தேர்தல் நன்றாக நடந்துவிடுமா? அவசரப்படாதீர்கள்!

மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். 1996-ல் இந்த நான்கு ஊர்களின் தலைவர் பதவி தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்க சாதியினர் எதிர்த்தார்கள். நிற்கவே பலர் பயந்தார்கள். ஜெயித்தவர்களும் உடனே ராஜினாமா செய்தார்கள். இப்படியே பத்து ஆண்டுகள் ஓடின! 2006-ல்தான் ஒழுங்காகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியேற்றார்கள்.

அங்கேயும் கட்சிச் சின்னம் கிடையாதுதான். ஆனால் பயம் இருந்ததே!

எனவே குட்டீஸ், எத்தனை சின்னங்கள் நிற்கின்றன என்று மட்டும் எண்ணாதீர்கள். ஊரிலேயே ஏழையான ஒருவர், "நானும் நிற்கிறேன்" என்று தைரியமாகச் சொல்ல முடிகிறதா? அதையும் பாருங்கள்.

உங்கள் வகுப்பு லீடர் தேர்தலிலும்தான்!