ரயில் பாதையில் ஒரு திமிங்கலம்

1882-இல் கனடிய பசிபிக் ரயில் பாதைக்காகச் சரளை தோண்டிய இடத்தில் திமிங்கல எலும்புகள் கிடைத்தன. ஒன்டாரியோ மாகாணத்தில், ஸ்மித்ஸ் ஃபால்ஸ் என்ற ஊருக்கு அருகே. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 440 அடி உயரம். உப்புத் தண்ணீரைப் பார்க்க அங்கிருந்து நூற்றுக்கணக்கான மைல் போக வேண்டும். கிடைத்தவை சில முதுகெலும்புகளும் ஒரு விலாத் துண்டும்தான். மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் முதல்வராக இருந்த ஜான் வில்லியம் டாசன், அவை கூனல் முதுகுத் திமிங்கலத்துடையவை என்று இனங்கண்டார். மறு ஆண்டே இரண்டு மூன்று பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி 'கனடியன் நேச்சுரலிஸ்ட்' இதழில் வெளியிட்டார்.

அந்த இதழை 1856-இல் தொடங்கியவர் எல்கானா பில்லிங்ஸ். வக்கீல் தொழிலை விட்டுவிட்டுப் புதைபடிவங்களின் பின்னால் போனவர். பிறகு இதழ் மான்ட்ரியல் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் கைக்கு வந்தது. 1827-இல் பிறந்த அந்தச் சங்கத்துக்கு அருங்காட்சியகமும் உண்டு. திமிங்கலம் கிடைத்த அதே 1882-இல்தான், சர்க்கரை ஆலைக் குடும்பத்து பீட்டர் ரெட்பாத் தந்த பணத்தில், டாசனுக்காகவே கட்டப்பட்ட ரெட்பாத் அருங்காட்சியகமும் மெக்கில் வளாகத்தில் திறந்தது.

சரி, திமிங்கலம் அங்கே எப்படி வந்தது? பனியுகத்தில் இரண்டு மூன்று கிலோமீட்டர் தடிமனுள்ள பனிப்பாளம் அந்த நிலத்தின் மேல் கிடந்தது. அதன் பாரத்தில் தரையே கீழே அமிழ்ந்தது. சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் பனி பின்வாங்கியபோது, பள்ளத்துக்குள் அட்லாண்டிக் புகுந்துவிட்டது. சாம்ப்ளேன் கடல் என்று இப்போது அதற்குப் பெயர். மான்ட்ரியல் நகரத்தின் நடுவே நிற்கும் மவுண்ட் ராயல் குன்று அன்றைக்கு ஒரு தீவு. பாரம் நீங்கிய தரை மெல்ல எழும்ப, சில ஆயிரம் ஆண்டுகளில் கடல் வடிந்துபோனது.

டாசன் இதை ஏற்கவில்லை என்பதுதான் வேடிக்கை. கண்டத்தையே மூடிய பனிப்பாளம் என்ற கருத்தைக் கடைசிவரை எதிர்த்தார். கடலில் மூழ்கிய நிலத்தின் மேல் மிதந்து வந்த பனிமலைகளே எல்லாவற்றுக்கும் காரணம் என்றார். கோட்பாடு தோற்றது. ஆனால் எந்தச் சிப்பி, எந்த மண்ணடுக்கில், எவ்வளவு உயரத்தில் என்று அவர் அச்சிட்டு வைத்தவை அப்படியே நின்றன. அவரை மறுத்தவர்களுக்கும் அவையே சான்றாயின. என்னைக் கேட்டால், அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் எலும்பு சொல்வது பாதிக் கதைதான். மீதிப் பாதி இப்படிப்பட்ட இதழ்களில்.

அந்தப் பழைய தொகுதிகளை இன்று பல்லுயிர் மரபு நூலகம் என்ற இணைய நூலகத்தில் எவரும் காசில்லாமல் படிக்கலாம். கொழும்பு அருங்காட்சியகத்தின் 'ஸ்போலியா ஸெய்லானிக்கா' ஆய்விதழின் பழைய தொகுதிகளும் அதே நூலகத்தில் உண்டு. 1903-இல் அதைத் தொடங்கிய ஆர்தர் வில்லி, 1910-இல் கொழும்பை விட்டு விலங்கியல் பேராசிரியராகப் போய்ச் சேர்ந்தது இதே மெக்கிலுக்குத்தான்!

'கனடியன் நேச்சுரலிஸ்ட்' பக்கங்களில் சிப்பிகளை அடுக்கடுக்காகப் பிரித்தபோது, மான்ட்ரியலின் சாம்பல் நிறக் களிக்கு டாசன், அதில் கிடைத்த சிப்பியின் பெயரால், லீடா களி என்று பெயர் வைத்தார். கட்டடப் பொறியாளர்கள் இன்றும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் பயப்படுகிறார்கள். உப்பு நீரில் படிந்த அதன் நுண்துகள்கள் சீட்டுக்கட்டு வீடு போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. ஆயிரக்கணக்கான ஆண்டு மழைநீர் உப்பைக் கழுவிவிட்டால் பிடிப்பு போய்விடும். ஓர் அசைவில் திடமான தரை குழம்பாக ஓடும். ஒன்டாரியோவின் லெமியூ கிராமத்து மண்ணைச் சோதித்தவர்கள் 1989-க்கும் 1991-க்கும் இடையில் குடும்பங்களை வேறிடத்துக்கு மாற்ற வைத்தார்கள். 1993 ஜூனில், அந்த ஊரை ஒட்டிய 17 ஹெக்டேர் வயல் சவுத் நேஷன் ஆற்றுக்குள் சரிந்தது.