தகட்டுத் தொழிலுக்கு ஏற்ற பிரஸ் எது?

காஞ்சிபுரம் மாவட்டத்துப் புள்ளலூர் வரலாற்றில் பேசப்பட்ட ஊராகும். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் தன் பகைவரைப் புள்ளலூரில் வென்ற செய்தியைக் காசக்குடிச் செப்பேடுகள் கூறுகின்றன. 1780ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் ஆங்கிலேயக் கர்னல் பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் முறியடித்ததும் இவ்வூர்க் களத்திலேயாகும். முதற் செய்தியைத் தாங்கிய செப்பேடும், இரண்டாம் போரில் மைசூர்ப் படையினர் ஏவிய ராக்கெட்டின் இரும்புக் குழாயும் சம்மட்டி அடியால் உருப்பெற்றவை. சம்மட்டி செய்த அவ்வேலையை இன்று பிரஸ் என்னும் யந்திரம் செய்கின்றது.

1958ஆம் ஆண்டு கிண்டியில் தொழிற்பேட்டை அமைந்த காலத்தில், இத்தகைய தொழில்கள் சென்னை நகரை ஒட்டியே நின்றன. இன்று நிலைமை வேறு. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகி வருகின்றன. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிஸ்ஸான் ஆலை தொடங்கியது. ஒரு மோட்டார் வண்டியில் பட்டைகள், பிடிப்பான்கள், வாஷர்கள், மூடிகள் எனத் தகட்டினால் ஆன சிறு உறுப்புகள் மிகப் பல. அவற்றைச் செய்து தரும் பட்டறைகளில் பயிற்சி பெற்ற இளைஞர்கள் சுற்றுவட்டக் கிராமங்களில் இருக்கின்றனர். அவர்களுள் சிலர் சொந்தமாகப் பட்டறை வைக்க எண்ணும்பொழுது முதலில் எழும் வினா, பவர் பிரஸ் வாங்குவதா, ஹைட்ராலிக் பிரஸ் வாங்குவதா என்பதேயாகும். கடன் பெற்று வாங்கும் யந்திரம் வேலைக்குப் பொருந்தாவிடில், யந்திரம் சும்மா நிற்கும். வட்டி சும்மா நில்லாது. ஆகையால் இவ்விரண்டின் இயல்பையும் நன்கு அறிந்துகொள்வது இன்றியமையாதது.

பவர் பிரஸ் இயங்கும் விதம்

பவர் பிரஸ்ஸின் பக்கத்தில் ஒரு கனத்த சக்கரம் ஓயாது சுழன்றுகொண்டிருக்கும். அதுவே பிளைவீல். மோட்டார் சிறுகச் சிறுகத் தரும் ஆற்றலை அது சேமித்து வைத்து, தகட்டை வெட்டும் ஒரு நொடியில் மொத்தமாக வழங்குகிறது. மிதிகட்டையை அழுத்தியதும் கிளட்ச் பற்றிக்கொள்ள, கிராங்க் தண்டு ஒரு சுற்றுச் சுற்றி, மேல்அச்சைக் கீழே இறக்கி மீண்டும் மேலே ஏற்றிவிடுகிறது. சிறிய மோட்டாரைக் கொண்டே பெரிய வேலை செய்யலாம் என்பதும், வேகம் மிகுதி என்பதும் இதன் சிறப்புகள்.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. 100 டன் பிரஸ் என்றால், அந்த 100 டன்னும் வீச்சின் அடிக்கோடியை நெருங்கும்பொழுதுதான் கிடைக்கும். உதாரணமாக, 240 மில்லிமீட்டர் வீச்சுள்ள ஒரு பிரஸ், அடிக்கோடிக்கு 6 மில்லிமீட்டர் மேலே 100 டன் தரவல்லது எனக் கொள்வோம். அதே பிரஸ் 100 மில்லிமீட்டர் உயரத்தில் தரக்கூடியது ஏறக்குறைய 32 டன் மட்டுமே. கிராங்க் சுற்றும் கோணத்தினால் விளையும் இக்குறைவை எந்த மோட்டாரைப் பூட்டினாலும் நீக்க இயலாது.

ஹைட்ராலிக் பிரஸ் இயங்கும் விதம்

அடைபட்ட திரவத்தின் மீது செலுத்தும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர் விளக்கினார். அவ்விதியைக் கொண்டு 1795இல் ஜோசப் பிராமா என்னும் ஆங்கிலேயர் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கு உரிமை பெற்றார். பம்பு எண்ணெயைச் சிலிண்டருக்குள் செலுத்த, பிஸ்டன் இறங்கித் தகட்டை அழுத்துகிறது. 250 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பு சுமார் 491 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அழுத்தமுள்ள எண்ணெய் அதனுள் புகுந்தால் சுமார் 98 டன் விசை கிடைக்கும். வீச்சின் தொடக்கமாயினும் முடிவாயினும் இவ்விசை மாறாது. அழுத்தம் அளவை மீறினால் வால்வு திறந்து எண்ணெயைத் திருப்பிவிடும். ஆதலால் அளவுக்கு மீறிய சுமையால் யந்திரம் உடைதல் அரிது.

இதன் குறை வேகத்தில் உள்ளது. நிமிஷத்திற்கு 40 லிட்டர் எண்ணெய் தரும் பம்பு, மேற்கூறிய பிஸ்டனை ஒரு நொடிக்குச் சுமார் 1.4 சென்டிமீட்டர் மட்டுமே நகர்த்தும். முழு அழுத்தத்தில் அதற்கே ஏறத்தாழ 18 குதிரைத்திறன் தேவை. வேகத்தை இரட்டிக்க விரும்பினால் மோட்டாரின் திறனையும் இரட்டிக்க வேண்டும். சீல்கள் தேய்தல், எண்ணெய் கசிதல், சூடேறுதல் ஆகியவற்றையும் இடைவிடாது கவனித்தல் வேண்டும்.

வேலையை அளந்து யந்திரத்தைத் தேடுக

முதலில் வாஷர் போன்ற வெட்டு வேலையை எடுத்துக்கொள்வோம். வெட்டும் விளிம்பின் நீளம், தகட்டின் கனம், உலோகத்தின் வெட்டு வலிமை ஆகிய மூன்றையும் பெருக்கினால் வேண்டிய விசை கிடைக்கும். 2 மில்லிமீட்டர் கனமுள்ள மென் எஃகுத் தகட்டில் 50 மில்லிமீட்டர் வட்டு வெட்டச் சுமார் 11 டன் போதும். பாதுகாப்பான மிகுதியும் சேர்த்து 20 டன் பவர் பிரஸ் இதற்குத் தகும். விசை அடிக்கோடி அருகில் மட்டும் தேவைப்படுவதால் பவர் பிரஸ்ஸின் இயல்புக்கு இவ்வேலை முற்றிலும் ஒத்தது. ஹைட்ராலிக் பிரஸ்ஸில் இதனைச் செய்தால், தகடு அறும் கணத்தில் எதிர்ப்பு திடீரென அற்றுப்போக, அந்த அதிர்ச்சி குழாய்களையும் சீல்களையும் தாக்கும்.

அடுத்து எவர்சில்வர் பாத்திரம். 200 மில்லிமீட்டர் விட்டமும் 100 மில்லிமீட்டர் ஆழமும் உள்ள பாத்திரத்தை 1 மில்லிமீட்டர் தகட்டிலிருந்து இழுத்து உருவாக்க, சுமார் 346 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தகடு வேண்டும். இழுவிசை மேல்வரம்பாக 38 டன் அளவுக்கு எழலாம். தகட்டின் ஓரம் சுருங்காதபடி பிடித்துக்கொள்ளும் விசை இதற்குப் புறம்பானது. இழுப்பு தொடங்குவது அடிக்கோடிக்கு 100 மில்லிமீட்டர் மேலே. முன்னர்க் கண்ட 100 டன் பவர் பிரஸ் அங்கே 32 டன்னே தரும் என்பதை நினைவுகூர்க. பெயர்ப்பலகையில் 100 டன் என்று கண்டு வாங்கியவர், 38 டன் வேலைக்கு அது தடுமாறுவதைக் கண்டு திகைப்பார். 60 டன் ஹைட்ராலிக் பிரஸ்ஸோ அதே வேலையைச் சீரான வேகத்தில் முடித்துவிடும்.

சுருங்கக் கூறின், வெட்டுதல், துளையிடுதல், சிறு வளைவு ஆகியவை பெருந்தொகையாக வேண்டுமெனில் பவர் பிரஸ் நன்று. ஆழ இழுத்தல், அழுத்தி நிறுத்திப் பிடித்தல், அடிக்கடி அச்சு மாற்றிச் சிறு தொகைகளாகச் செய்தல் ஆகியவற்றிற்கு ஹைட்ராலிக் பிரஸ் நன்று.

வேகத்தைக் குறித்தும் ஒரு சொல். நிமிஷத்திற்கு 60 வீச்சு என்று விற்பவர் கூறலாம். தகட்டுச் சுருளைத் தானே ஊட்டும் சாதனம் இருந்தால்தான் அவ்வேகம் முழுதும் பயன்படும். கையால் தகட்டை வைத்து எடுக்கும் பட்டறையில், யந்திரத்தின் வேகமன்று, தொழிலாளியின் கை வேகமே உற்பத்தியை நிர்ணயிக்கின்றது.

விரல்களின் விலை

அந்தக் கையைப் பற்றியே இறுதியாகவும் முக்கியமாகவும் கூறவேண்டும். மலிவான பழைய பவர் பிரஸ்களில் பெரும்பாலும் சாவி வகைக் கிளட்ச் இருக்கும். அது ஒருமுறை பற்றிவிட்டால் முழுச் சுற்று முடியும் வரை நில்லாது. இடையில் கை அகப்பட்டாலும் நிறுத்த வழியில்லை. இத்தகைய பிரஸ்ஸில் கை குறுக்கிட்டால் நிறுத்தும் ஒளித்திரைச் சாதனத்தைப் பொருத்துவதில் பயனில்லை. நிறுத்த இயலாத யந்திரத்திற்கு நிறுத்து என்னும் கட்டளை எதற்கு? அச்சைச் சுற்றிக் கை நுழையாத கூண்டு அமைத்தலே இதற்குத் தக்க காப்பு. இடையில் நிற்கவல்ல உராய்வுக் கிளட்சும் நல்ல பிரேக்கும் உள்ள பிரஸ்ஸானால் ஒளித்திரையும், இரு கைகளாலும் ஒருசேர அழுத்தும் பொத்தான்களும் உதவும்.

ஹைட்ராலிக் பிரஸ்ஸை இடைவழியில் நிறுத்தலாம் என்பது உண்மையே. எனினும் வால்வு கசிந்தால் மேல்அச்சு தானே மெல்ல இறங்கக்கூடும். ஆதலால் அச்சு மாற்றும்பொழுது உறுதியான முட்டுக்கட்டை வைத்த பின்னரே கை நீட்டவேண்டும்.

பழைய யந்திரம் வாங்குவோர் சட்டத்தில் விரிசல் உளதா, கிளட்சின் சாவி தேய்ந்துளதா, ஒருமுறை மிதித்தால் இருமுறை இறங்குகிறதா என்று பார்த்த பின்னரே விலை பேசுக. தேய்ந்த கிளட்சினால் தானே இரண்டாம் முறை இறங்கும் பிரஸ், எடுத்துச் செல்ல நீட்டிய கையைக் கொண்டுபோகும்.

பட்டறை தொடங்க விரும்புவோர் முதலில் வேலை தருவோரிடமிருந்து உறுப்பின் வரைபடத்தைப் பெறுக. அதனைக் கொண்டு விசையையும் ஆழத்தையும் கணக்கிட்டு, யந்திரத்தைத் தெரிந்தெடுத்து, காப்புக் கூண்டின் செலவையும் திட்டத்தில் சேர்த்துக்கொண்டு மாவட்டத் தொழில் மையத்தை அணுகுக. காப்புச் செலவைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளுவோர், கடன் தவணையின் நெருக்கடியில் அதனை ஒருபோதும் செய்யமாட்டார்கள். பணம் போனால் உழைத்து ஈட்டலாம். உழைக்கும் விரல் போனால் ஈட்டுவது எங்ஙனம்?